காஞ்ச ஊர்ல ஏன் இத்தனை புள்ளைங்க தண்ணியில போறாங்க

எங்க ஊரு அரூர் பக்கம். வெளியூர்ல யார்கிட்ட தர்மபுரி மாவட்டம்னு சொன்னாலும் "அது காஞ்ச பூமியாச்சே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, அது பொய்யும் இல்ல, ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் மண்ணுப்புகை வந்த தோட்டம் எங்க சொந்தத்துலயே ரெண்டு இருக்கு. ஆனா வருசாவருசம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பேப்பர்ல அந்த செய்தி வந்துடும். ஏரி பேரு மாறும், குட்டை பேரு மாறும், தர்மபுரியா கிருஷ்ணகிரியாங்கறது மாறும், மத்ததெல்லாம் அதேதான், குளிக்கப் போன பசங்க, ஒருத்தன் முழுக இன்னொருத்தன் கைய நீட்ட, ரெண்டு மூணு பேரா சேர்ந்து போயிடறாங்க. ஊர்ல பெரியவங்க "இந்த ஏரி வருசத்துக்கு ஒரு காவு கேக்கும்"னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஏரி யாரையும் கேக்கல. ஒவ்வொரு சாவுக்கும் பின்னாடி தெளிவா சொல்லக்கூடிய காரணம் இருக்கு, அத பிரிச்சுப் பாத்தா, ஊரு காஞ்ச ஊரா இருக்கறதேதான் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன்.

எப்படின்னு சொல்றேன். நான் நீச்சல் கத்துக்கிட்டது எங்க தாத்தா கிணத்துல. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு ஆயா சத்தம் போட்டாங்க, தாத்தா காதுல வாங்கல. முதுகுல காஞ்ச சுரக்குடுக்கை, இடுப்புல கயிறு, கயித்தோட அந்த முனை மேல தாத்தா கையில. தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி மோட்டார் ரூமுக்குப் போயி மெயினையே ஆஃப் பண்ணிட்டு வருவாரு, ஏன்னா கிணத்து மோட்டார் ஒயர் எங்கயாவது வெடிச்சிருந்தா தண்ணியே கரண்டா இருக்கும். அப்போ அது எங்களுக்கு விளையாட்டு. இப்போ யோசிச்சுப் பாத்தா அது ஒரு முழு பாதுகாப்பு ஏற்பாடு. கிணத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு சரியா தெரியும், நாலு பக்கமும் சுவரு, கை நீட்டினா புடிக்கறதுக்கு படிக்கல்லு, மேல இருந்து பாத்தா எத்தன தலை இருக்குன்னு ஒரே பார்வையில எண்ணிடலாம், பொறுப்பா ஒரு பெரிய ஆளு நின்னுக்கிட்டே இருப்பாரு.

போர்வெல் வந்தப்புறம் அந்தக் கிணறுங்க எல்லாம் வத்திப் போச்சு. சிலது மூடியாச்சு, சிலது குப்பை கொட்டற எடமாச்சு. தண்ணி போனத எல்லாரும் பேசறோம், கிணத்தோட சேர்ந்து நீச்சல் கத்துக்குடுக்கற எடமும் ஊர்ல இருந்து போச்சுங்கறத யாரும் பேசறதில்ல. எங்க அக்கா தம்பி வயசு வரைக்கும் ஊர்ல முக்கால்வாசி பேருக்கு நீச்சல் தெரியும், எங்க புள்ளைங்க வயசுல நீச்சல் தெரிஞ்ச புள்ளைய தேடித்தான் புடிக்கணும். நாலஞ்சு வருசம் ஏரி காஞ்சு கெடக்கும், கிரிக்கெட் ஆடுவாங்க. அப்புறம் ஒரு மழை வரும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை பெஞ்சுச்சு, ரோட்டுல நிறுத்தி வெச்ச வண்டிங்க தண்ணியில உருண்டு போனத டிவியில பாத்திருப்பீங்க. அந்த மாதிரி ஒரு மழைக்கு அப்புறம், தண்ணியையே பாக்காம வளந்த புள்ளைக்கு முன்னாடி திடீர்னு ஒரு கடல் மாதிரி ஏரி நிக்குது. எந்தப் புள்ளை எறங்காம இருக்கும்?

எறங்கற ஏரியும் பழைய ஏரி இல்ல. இத நான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பெரியவங்களே ஏமாந்து போறது இங்கதான். பழைய ஏரியோட தரை கரையில இருந்து உள்ளுக்கு மெதுவா சரிஞ்சுக்கிட்டே போகும், கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்புன்னு. பயந்தா ரெண்டு அடி பின்னாடி வந்துடலாம். இப்போ ஏரி காஞ்சிருக்கறப்போ வண்டல் மண்ணுக்கும் சவுடு மண்ணுக்கும் ஜேசிபி வெச்சு அள்றாங்க. நெலத்துக்கு வண்டல் அடிக்கறது நல்லதுதான், அத நான் குத்தம் சொல்லல, ஆனா அள்ளினப்புறம் அந்தக் குழிய சரிச்சு விடறதில்ல, செங்குத்தா சுவரு மாதிரி வெட்டின பள்ளம் அப்படியே நிக்கும். மழை வந்து நெறஞ்சதும் மேல ஒரே மட்டமா கலங்கல் தண்ணி. முழங்கால் தண்ணியில நிக்கற புள்ளை அடுத்த காலு வெக்கறப்போ தலைக்கு மேல தண்ணி. போன வருசம் அதே எடத்துல கிரிக்கெட் ஆடினவனுக்கே இந்த வருசம் குழி எங்கன்னு தெரியாது.

எங்க அக்கா பையனுக்கு ஆனதும் இதுதான். அப்போ அவனுக்கு 11 வயசு. அக்கா கரையில துணி துவைக்கறா, இவன் பத்து பதினஞ்சடி தள்ளி விளையாடறான், ஆழமே இல்லன்னு நினைச்ச எடம். ஒரு பெட்ஷீட்ட அலசிப் புழியற நேரம்தான். அந்தப் பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு தாத்தா "ஏம்மா, அந்தப் பையன் ஆடறது சரியில்லியே"ன்னு சொல்லிக்கிட்டே ஓடி வந்து, கரையில குப்புறப் படுத்து, தழை ஒடிக்கற தொரட்டிய நீட்டி அவன் டவுசர்ல மாட்டி இழுத்துட்டாரு. பையன் பொழச்சுட்டான். அக்கா இன்னிக்கு வரைக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "சத்தமே வரலடி, ஒரு சத்தம் கூட வரல".

சத்தம் வராது. மூழ்கறதுன்னா கைய தூக்கி ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்தறதுன்னு சினிமா பாத்து நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. அமெரிக்காவுல ஃபிரான்செஸ்கோ பியான்னு ஒரு லைஃப்கார்டு நெஜமா மூழ்கறவங்களப் படம் புடிச்சு வருசக்கணக்கா கவனிச்சு எழுதி வெச்சிருக்காரு. மூச்சு விட்டாத்தான் பேச முடியும், மூழ்கறவங்களுக்கு வாய் தண்ணிக்கு மேல வர்றதே ஒரு நொடி, அந்த ஒரு நொடியில ஒடம்பு மூச்ச இழுக்கத்தான் பாக்கும், கத்தறதுக்கு நேரம் இருக்காது. கை மேல வராது, பக்கவாட்டுல தண்ணிய கீழ அமுக்கிக்கிட்டே இருக்கும், தானா நடக்கறது, நம்ம சொல் பேச்சு கேக்காது. ஒடம்பு செங்குத்தா நிக்கும், காலு ஒதைக்காது. தலை பின்னாடி சாஞ்சிருக்கும், வாய் தொறந்திருக்கும், கண்ணு எதையும் பாக்காத மாதிரி இருக்கும், முடி மூஞ்சில விழுந்தாலும் தள்ள மாட்டாங்க. இது 20 நொடியில இருந்து 60 நொடி வரைக்கும்தான், அப்புறம் உள்ள போயிடுவாங்க, சின்னப் புள்ளைங்க இன்னும் சீக்கிரமா. தண்ணியில விளையாடற புள்ளைங்க எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டுதான் இருக்கும். சத்தம் நின்னா ஓடிப்போய் பாருங்க.

அதனால "பாத்துக்கறேன்"ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு வீட்டுல பேசி வெச்சுக்கறது ரொம்ப முக்கியம். சொந்தக்காரங்க இருபது பேரா வேன் புடிச்சு போறோம், அத்தை பாப்பாங்கன்னு சித்தி நினைப்பாங்க, சித்தி பாப்பாங்கன்னு மாமா நினைப்பாரு, கடைசியில யாருமே பாக்கல. எங்க வீட்டுல அக்கா பையன் விஷயத்துக்கு அப்புறம் ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். ஒரு செகப்பு துண்டு, அது யாரு தோள்ல இருக்கோ அவங்கதான் பொறுப்பு, அவங்க போன் எடுக்கக்கூடாது, சோறு பிரிக்கக்கூடாது, தண்ணி பக்கமே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும், அரை மணி நேரம் ஆனதும் "இந்தாங்க"ன்னு பேர சொல்லி அடுத்தவங்க தோள்ல போட்டுட்டுதான் எழுந்திரிக்கணும். குடிச்சவங்க கைக்கு அந்தத் துண்டு போகாது, இதுல எங்க மாமாவுக்கும் எங்களுக்கும் ஒரு தடவை சண்டையே வந்துச்சு, பரவாயில்ல. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைக்கு துண்டு போட்டவங்க மட்டும் பத்தாது, தண்ணியில கூடவே ஒரு ஆளு, எட்டிப் புடிக்கற தூரத்துல. காத்தடைச்ச பொம்மை, கையில மாட்டற பலூன், டியூப் இதெல்லாம் விளையாட்டு சாமான், புள்ளை அதுல இருந்து கீழ நழுவிடும்.

ஒருத்தர காப்பாத்தப் போயி கூட இருக்கறவங்களும் போறது இருக்கே, அதுதான் நம்ம பக்கம் திரும்பத் திரும்ப நடக்குது. 2019 அக்டோபர்ல ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணையில ஒரு குடும்பம் இடுப்பளவு தண்ணியில கைய கோத்துக்கிட்டு செல்ஃபி எடுக்க நின்னாங்க, ஒரு பையனுக்கு காலு வழுக்குச்சு, கோத்திருந்த கை ஒவ்வொருத்தரா உள்ள இழுத்துச்சு, கல்யாணமாகி கொஞ்ச நாளே ஆன பொண்ணு உட்பட நாலு பேர் போயிட்டாங்க. மூழ்கறவங்க கைக்கு எது கெடைச்சாலும் அது மேல ஏறத்தான் பாப்பாங்க, அது அம்மாவா இருந்தாலும் சரி அண்ணனா இருந்தாலும் சரி, அவங்க மேல தப்பு இல்ல, ஒடம்பு அப்படித்தான் வேலை செய்யும். நீச்சல் நல்லா தெரிஞ்சவங்களையே அமுக்கிடும். பாசம்னு குதிக்கறது மனுசத்தனம்தான், ஆனா அந்த நேரத்துல புள்ளைக்கு வேண்டியது மிதக்கற ஒரு பொருளு.

2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில நடந்தது ஞாபகம் இருக்கா? துணி துவைக்க வந்த மூணு அம்மாங்க, பசங்க மூழ்கறதப் பாத்து, கட்டியிருந்த சேலைய அவுத்து வீசி ரெண்டு பேர கரைக்கு இழுத்தாங்க. இன்னும் ரெண்டு பேர காப்பாத்த முடியல. அந்த வருசம் சுதந்திர தினத்துக்கு அவங்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது குடுத்துச்சு. அவங்களுக்கு யாரும் டிரெய்னிங் குடுக்கல, ஆனா அவங்க செஞ்சது உலகம் பூரா சொல்லிக்குடுக்கற அதே முறைதான், எட்டறதா இருந்தா கரையில படுத்து கம்பு நீட்டு, எட்டலன்னா ஏதாவது வீசு, தண்ணிக்குள்ள போறது கடைசி. என்னத்த வீசறதுன்னா, தண்ணிக்குள்ள மனுசன் ஏற்கனவே பாதி மிதந்துக்கிட்டுதான் இருப்பான், தலைய மட்டும் மேல நிறுத்த அஞ்சு கிலோ தூக்கற சக்தி இருந்தா பெரியவங்களுக்கே போதும். மூடி இறுக்கின காலி 5 லிட்டர் எண்ணெய் கேன் ஏறத்தாழ அவ்வளவு தூக்கும், 20 லிட்டர் தண்ணி கேன் தாராளமா தூக்கும், கவுத்துப் புடிச்ச பிளாஸ்டிக் குடமும் தாங்கும். கேனோட கைப்புடியில பத்து மீட்டர் கயிறு கட்டி வண்டியில போட்டுக்கிட்டா அதுக்கு மேல சாமானே வேணாம்.

ஏரி ஒரு கதைன்னா ஆறு வேற கதை. ஒகேனக்கல்ல நிக்கறப்போ மேல வானம் பளிச்சுன்னு இருக்கும், நம்ம ஊர்ல ஒரு பொட்டு மழை இருக்காது, ஆனா மழை பெய்யறது குடகுலயும் வயநாட்டுலயும். கர்நாடகாவுல கிருஷ்ணராஜசாகர் அணையும் கபினி அணையும் நெறஞ்சு தொறந்து விட்டா, எல்லையில இருக்கற பிலிகுண்டுலு வழியா காவிரியில நம்ம கிட்ட வந்து சேரும். டிவியில "நீர்வரத்து பத்தாயிரம் கனஅடி"ன்னு சொல்றத கேட்டு கேட்டு பழகிட்டோம். ஒரு கனஅடின்னா நொடிக்கு 28.3 லிட்டர். பத்தாயிரம்னா நொடிக்கு கிட்டத்தட்ட 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர், 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி இருபத்தி மூணு ஒவ்வொரு நொடியும் பக்கத்துல ஓடற மாதிரி. லட்சம் கனஅடிக்கு மேல போன நாளும் உண்டு. வேகம் ரெண்டு மடங்கானா தண்ணி தள்ற தள்ளு நாலு மடங்காகும், அதனாலதான் நேத்து நின்ன அதே பாறையில, அதே முழங்கால் தண்ணியில, இன்னிக்கு நிக்க முடியாது. குளிக்கவும் பரிசலுக்கும் தடைன்னு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து சொல்றப்போ "இவ்வளவு தூரம் வந்துட்டோமே"ன்னு கம்பிய தாண்டி எறங்கறவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், கையில கைக்கொழந்தையோட. எண்ணெய் தேச்ச ஒடம்பு, பாசி புடிச்ச பாறை, புள்ளைய எப்படிப் புடிப்பீங்க? பரிசல்ல லைஃப் ஜாக்கெட் குடுத்தா வாங்கி மடியில வெச்சுக்காதீங்க, எல்லா கிளிப்பும் மாட்டி, புள்ளையோட ஜாக்கெட்ட தோள்பட்டையில புடிச்சு தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது புள்ளைக்கு பெரிய சைஸ், மாத்தி கேளுங்க.

தென்பெண்ணையும் அப்படித்தான். நந்தி மலையில பொறந்து பெங்களூர் பக்கமா வருது, அங்க ராத்திரி மழை பெஞ்சா ஓசூர் கெலவரப்பள்ளியில நுரையோட தண்ணி ஏறும், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை அதோட முழு உயரமான 52 அடிய நெருங்கினா ஷட்டர் தொறப்பாங்க, கீழ இருமத்தூர், அனுமன்தீர்த்தம் எல்லாம் ஆடிப்பெருக்குக்கு குடும்பம் குடும்பமா முங்கற எடம். கரையோர ஊருக்கு தண்டோரா போடுவாங்க, வெளியூர்ல இருந்து கார்ல வந்து எறங்கறவங்களுக்கு அது எப்படி கேக்கும். அதனால போறதுக்கு முன்னாடி அணையில எவ்வளவு விடறாங்கன்னு பாத்துட்டுப் போங்க. குளிச்சுக்கிட்டிருக்கறப்போ தெளிவா இருந்த தண்ணி கலங்கலா மாறினாலோ, சருகும் குச்சியும் மெதந்து வந்தாலோ, உக்காந்திருந்த கல்லு நனைய ஆரம்பிச்சாலோ செருப்பக் கூட எடுக்காம மேல ஏறிடணும். தடுப்பணைக்குக் கீழ தண்ணி விழற எடத்துல குளிக்கவே கூடாது, பாக்க அழகா இருக்கும், ஆனா விழற தண்ணி கீழ போயி திரும்ப அணைய நோக்கியே சுருட்டும், உள்ள போன ஆள சுருட்டி சுருட்டி அங்கயே வெச்சிருக்கும். தரைப்பாலத்துல தண்ணி போறப்போ புள்ளைங்கள உக்கார வெச்சு வண்டிய விடறதும் அப்படித்தான், வேகமா ஓடற அரை அடி தண்ணி ஆள சாய்ச்சிடும், ஒரு அடி தண்ணி சின்ன காரையே நகர்த்திடும்.

கல்குவாரி குட்டையப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் வெட்டிட்டு விட்டுட்டுப் போன குழிங்க, எறங்கினா திரும்ப ஏற வழியே இல்லாத நேர் சுவரு. அங்க நீச்சல் தெரிஞ்சவங்களும் போகாதீங்க.

ஆனா பண்ணைக் குட்டையப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா அத யாரும் ஆபத்தா பாக்கறதில்ல. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கம் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் தண்ணி சேத்து வெக்க கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குட்டைங்க, சொட்டுநீருக்கு நல்ல ஏற்பாடு. அந்த ஷீட்டு ஈரமாகி பாசியும் புடிச்சா எண்ணெய் தடவின தட்டு மாதிரி. உள்ள விழுந்தவங்க ஏற ஏற வழுக்கும், பெரியவங்களுக்கே பத்து நிமிசத்துல கை ஓஞ்சிடும். அங்க வேலை செய்யறவங்க புள்ளைங்க வரப்புலதான் விளையாடிக்கிட்டிருக்கும். இதுக்கு ஆகற செலவு ரொம்ப சின்னது, நாலு பக்கமும் முடிச்சு போட்ட கயித்த மேல கம்பத்துல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விட்டு, நடுவுல ஒரு பழைய லாரி டியூப் மெதக்க விட்டு, சுத்தி வேலி போட்டா போதும். மானியம் குடுக்கறப்போ இதையும் சேத்து கட்டாயமாக்கினா நல்லா இருக்கும்.

நடக்கப் பழகற கொழந்தைக்கு ஏரியும் வேணாம் ஆறும் வேணாம். நம்ம மாவட்டத்துல நெலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு, பல்லு எலும்பெல்லாம் போகும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்துச்சு, ஆனா கொழாயில தெனமும் வராத ஊருங்க இருக்கு, அதனால வீட்டுக்கு வீடு டிரம்மு, தொட்டி, சம்ப்பு. ஒரு வயசு கொழந்தைக்கு தலைதான் கனம், வாளிய எட்டிப் பாத்து தலைகீழா கவுந்தா திரும்ப எழ முடியாது, அரை வாளி தண்ணி போதும். தண்ணியில மூழ்கி செத்தவங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2021 கணக்கா சொன்னது உலகம் பூரா 3 லட்சம் பேரு, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு அஞ்சு வயசுக்குக் கீழ. நம்ம நாட்டுல வருசத்துக்கு சுமார் 38 ஆயிரம் பேரு. டிரம்முக்கு மூடி, மூடி மேல ஒரு கல்லு, சம்ப்புக்கு பூட்டு, குளிச்சதும் வாளிய கவுத்து வெக்கறது, அடுப்படி வேலை நேரத்துல கொழந்தைய யாரு பாக்கறதுன்னு ஒரு முடிவு. காலையில பத்து மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் அம்மா ஒருத்தியே எல்லா வேலையும் பாத்துக்கிட்டு கொழந்தையையும் பாக்கணும்னா அது நடக்கற காரியமா?

வெளிய எடுத்ததும் செய்யறதுலதான் நம்ம ஊர்ல பெரிய தப்பு நடக்குது. கால புடிச்சு தலைகீழா தூக்கி சுத்தறது, வயித்த அமுக்கறது, இது ரெண்டும் செய்யக்கூடாது. வயித்த அமுக்கினா வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும், அதோட நேரமும் போகும். மூச்சு நின்னு நாலஞ்சு நிமிசத்துல மூளை கெட ஆரம்பிச்சிடும், புள்ளைக்கு அப்போ வேண்டியது காத்து. கூப்பிட்டா அசைவு இல்ல, மூச்சும் இல்லன்னா ஒருத்தர் 108க்கு போன் போடணும், இன்னொருத்தர் புள்ளைய கெட்டித் தரையில மல்லாக்கப் போட்டு, நெத்திய புடிச்சு தாடைய தூக்கி, மூக்க மூடி, வாயோட வாய் வெச்சு நெஞ்சு எழும்பற மாதிரி அஞ்சு தடவை ஊதணும். அதுக்கும் அசையலன்னா நெஞ்சுக்கு நடுவுல முப்பது அமுக்கு, நிமிசத்துக்கு நூறுல இருந்து நூத்தி இருபது வேகத்துல, மறுபடி ரெண்டு ஊது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இப்படியே. நுரை வந்தா தொடச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஊதுங்க. பொழச்சு எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், உள்ள போன தண்ணியால சில மணி நேரம் கழிச்சு மூச்சு திணறலாம். எங்க அக்கா பையன ஒரு ராத்திரி முழுக்க வெச்சுப் பாத்துட்டுதான் அனுப்பினாங்க.

நீச்சல் கத்துக்குடுக்கறதப் பத்தி எங்க வீட்டுல ஒரு சண்டை ஓடிக்கிட்டே இருக்கும், கத்துக்கிட்டா தைரியம் வந்து போய் விழுவாங்கன்னு ஒரு கட்சி. பங்களாதேஷ்ல கிராமத்துக் குளத்துலயே மூங்கில்ல தளம் கட்டி, ஆறு ஏழு வயசுல இருந்து புள்ளைங்களுக்கு கத்துக்குடுக்கறாங்க, பெரிய ஸ்விம்மிங் பூல் எதுவும் இல்லாமயே. அங்க ரேஸ் நீச்சல் சொல்லிக்குடுக்கறதில்ல, மெதக்கவும், கொஞ்ச தூரம் போயி கரைய புடிக்கவும், தண்ணிக்குள்ள குதிக்காம அடுத்தவங்கள எப்படி காப்பாத்தறதுன்னும்தான். என்னைக் கேட்டா முதல் பாடம் மல்லாக்க மெதக்கறது. காத நனைய விட்டு, வயித்த மேல தூக்கி, கைய விரிச்சு, வானத்தப் பாத்துக்கிட்டு மெதுவா மூச்சு விடறது. அத தெரிஞ்ச புள்ளைக்கு அந்த அறுபது நொடி பத்து நிமிசமா மாறும், யாராவது தொரட்டியோட வர்றதுக்கு.

போன மழைக்கு தாத்தா கிணத்துல நாப்பது அடிக்கு தண்ணி ஏறியிருக்கு. தம்பி வடக்குப் பக்கம் உடைஞ்ச படிக்கல்ல மாத்திட்டான், மேல இரும்புக் குழாயில புதுக் கயிறு கட்டியாச்சு, சுரக்குடுக்கை கெடைக்கல, 5 லிட்டர் கேன் ரெண்ட சேத்துக் கட்டிக்கிட்டோம். மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு வாங்கணும், ஞாயித்துக்கிழமை பசங்க வர்றதுக்குள்ள.